அரிதும் அருமையும்: இசைத்தட்டுச் சேகரிப்பும் நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் கேள்வி மரபும்

முன்னுரை

தமிழில் ‘அருமை’ என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தாங்கி நிற்பது. கிடைத்தற்கு எளிதல்லாதது, செய்தற்கு எளிதல்லாதது, மதிப்பிற்குரியது என்னும் மூன்று பொருள்களும் ‘அரு’ என்னும் ஓர் அடியிலிருந்தே கிளைத்தவை. இலக்கியம் பயில்வோர் இம்மூன்றையும் இடமறிந்து பிரித்துணர்வர். ஆயின், பழம்பொருள் சேகரிப்பில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எது கிடைப்பதில்லையோ அதுவே மதிப்புடையது என்னும் எண்ணம் மேலோங்குகிறது. இசைத்தட்டுச் சேகரிப்பில் இக்கலப்பினைத் தெளிவாகக் காணலாம்.

இசைத்தட்டுகள் அரிதாவதற்கு நேரெதிரான இரு காரணங்கள் உள்ளன. கேட்பாரின்மையால் அரிதானவை ஒரு வகை. கேட்டுக் கேட்டுத் தேய்ந்தமையால் அரிதானவை மற்றொரு வகை. உலகச் சேகரிப்புச் சந்தை முதல் வகைக்கே உயர்விலை தருகிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம்மவர் விட்டுச்சென்ற தட்டுகளோ இரண்டாம் வகையைச் சார்ந்தவை. முதல் வகைக்கென உருவான அளவுகோலைக் கொண்டு இரண்டாம் வகையை மதிப்பிடுவதால் ஏற்படும் இழப்பினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொண்ணூற்றொன்பது படிகள்

1960களின் பிற்பகுதியில் மேலைநாட்டு இளையோரிடையே ‘சைக்கெடலிக்’ எனப்படும் மனமயக்க இசை பரவியது. தனித்தனிப் பாடல்களின் தொகுதியாக அன்றி, ஒரே கருத்தையோ கதையையோ தொடக்கம் முதல் இறுதிவரை வளர்த்துச் செல்லும் நீள்இசைத்தட்டுகளும் அக்காலத்திலேயே பெருகின. 1968இல் பிரிட்டி திங்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘எஸ்.எஃப். சாரோ’, 1969இல் தி ஹூ குழுவினர் வெளியிட்ட ‘டாமி’ ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை. இவற்றைக் கருத்தொருமைத் தொகுப்புகள் எனலாம்.

பெருநிறுவனங்களின் ஆதரவு கிட்டாத குழுக்கள் தம் சொந்தச் செலவில் சிறு எண்ணிக்கையில் தட்டுகளை அச்சிட்டுக்கொண்டன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தைச் சேர்ந்த ஃபாரெவர் ஆம்பர் என்னும் குழுவின் ‘தி லவ் சைக்கிள்’ 1969இல் 99 படிகளே அச்சாயிற்று. காதலின் தோற்றம் முதல் முடிவு வரையிலான படிநிலைகளை வரிசைப்படுத்திப் பாடும் தொகுப்பு அது. 99 என்னும் எண்ணிற்குக் காரணம் கலைநோக்கன்று. 100 படிகளுக்குக் குறைவாக அச்சிட்டால் அன்றைய பிரித்தானியக் கொள்முதல் வரியிலிருந்து விலக்குக் கிடைத்தது என்பதே காரணம். வரிச்சட்டம் விளைவித்த அருமை, பின்னாளில் கலையின் அருமையாகக் கொண்டாடப்பட்டது. இங்ஙனம் அச்சிடப்பட்ட தட்டுகள் பெரும்பாலும் நண்பர்களிடையே பகிரப்பட்டு, சிலமுறை கேட்கப்பட்டு, பெட்டிகளில் உறங்கின. அதனாலேயே அவற்றுட் சில இன்றும் புதுக்கருக்குக் கலையாமல் கிடைக்கின்றன.

மலேசியத் தமிழ் வாசகர்க்கு இந்நிலை புதிதன்று. கைப்பொருளைச் செலவிட்டுக் கவிதைநூல் அச்சிட்டு, வெளியீட்டு விழா நடத்தி, எஞ்சிய படிகளை வீட்டு அலமாரியில் அடுக்கிவைக்கும் எழுத்தாளர்களை நாம் நன்கறிவோம். சொந்தப் பதிப்பு என்பது தோல்வியின் அடையாளமன்று. ஊடகத்தின் கதவு திறவாதபோது படைப்பாளன் தானே திறந்துகொள்ளும் புறவாயில் அது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் இருந்தன. பம்பாயில் 1935 முதல் 1955 வரை இயங்கிய தேசிய கிராமபோன் இசைத்தட்டு உற்பத்தி நிறுவனம் ‘யங் இந்தியா’ என்னும் முத்திரையில் புகழ்பெறாத, இளைய, தொழில்முறை சாராக் கலைஞர்களின் குரல்களை மிகுதியாகப் பதிவு செய்தது. 1970, 1971ஆம் ஆண்டுகளில் சிம்லா சிகரெட் விளம்பரத்திற்காக நடத்தப்பட்ட இசைப்போட்டிகளின் வழி வெளிவந்த ‘சிம்லா பீட்’ தட்டுகள் இந்தியக் கல்லூரி இளைஞர்களின் மின்கிட்டார் இசையைப் பதிவு செய்தன. அன்று விளம்பரப் பொருளாக இருந்த அத்தட்டுகளை இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர்.

சேகரிப்பாளர்களின் தொண்டினைக் குறைத்து மதிப்பிடல் தகாது. மறக்கப்பட்ட குழுக்களின் உறுப்பினர்களைத் தேடிச் சென்று பேட்டி கண்டவர்கள் அவர்களே. தட்டின் உள்வட்டில் பொறிக்கப்பட்டுள்ள அச்செண்களைப் படித்துப் பதிப்பு வரலாற்றை வகுத்தவர்களும் அவர்களே. மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கழகமும், இந்தியாவின் தொடக்ககாலப் பதிவுகளைப் பட்டியலிட்ட மைக்கேல் கின்னியரின் நூல்களும் பல்கலைக்கழகங்கள் செய்யத் தவறிய பணியைச் செய்தன.

எனினும், அவர்களது மதிப்பீட்டு முறையில் ஒரு சார்பு உள்ளது. ஊசி படாத தட்டிற்கு உயர்தரம். கீறல் விழுந்த தட்டிற்குத் தாழ்தரம். உரிமையாளர் தம் பெயரை எழுதிய தட்டிற்கு மேலும் விலைக்குறைப்பு. அதாவது, கேட்கப்பட்டதன் ஒவ்வோர் அடையாளமும் குறையாகவே கணக்கிடப்படுகிறது. ஒருவரும் கேளாத தட்டே இவ்வளவுகோலின் உச்சத்தில் அமர்கிறது. பொருளின் தூய்மையைக் காப்பதற்கு இம்முறை ஏற்றது. பண்பாட்டின் வரலாற்றை எழுதுவதற்கு இது தலைகீழான அளவுகோலாகும்.

தமிழரின் கருத்தொருமைத் தொகுப்புகள்

தொடக்கம் முதல் இறுதிவரை ஒருங்கே கேட்கவேண்டிய இசைத்தட்டு என்னும் கருத்து மேலைநாட்டு இளைஞர்களிடமிருந்து நமக்கு வந்ததன்று. 1930களில் தமிழில் பெருவழக்காக இருந்த நாடக ‘செட்’டுகளை நினைவுகூர்தல் வேண்டும். 78 சுழற்சி அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிவு செய்ய இயலும். விடியவிடிய நடந்த இசைநாடகத்தைச் சில தட்டுகளுக்குள் அடக்குவதற்குப் பாடலைச் சுருக்கி, உரையாடலைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் கேட்போர் ஆவல் குன்றாதவாறு நிறுத்தவேண்டியிருந்தது. இது பதிவுப்பணி மட்டுமன்று, பனுவலாக்கமும் ஆகும். நாடகம், கிராமபோன், திரைப்படம் ஆகியவற்றுக்கிடையே இருந்த இவ்வுறவினை ஸ்டீபன் ஹியூஸ் தம் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இம்மரபின் நீட்சியாகவே திரைப்படக் கதை வசனத் தட்டுகளைக் காணவேண்டும். ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களின் உரையாடல்கள் திரைக்கு வெளியே ஒலிவடிவில் தனிவாழ்வு வாழ்ந்தன. ஒலிநாடாக் காலத்தில் ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்றக் காட்சி அவ்வாறே வீடுகளிலும் கடைகளிலும் ஒலித்தது. படம் பார்த்தவர் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளவும், பாராதவர் செவிவழிப் படத்தைக் கற்பித்துக்கொள்ளவும் இவை உதவின.

1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ திரைக்கு வெளியே தியாகராசரையும் பாக்கையும் எதிரெதிர் நிறுத்தி உரையாடவைத்த கருவியிசைத் தொகுப்பாகும். தமிழில் கருத்தொருமைத் தொகுப்பு என்றவுடன் திறனாய்வாளர் பலரும் இதனையே சுட்டுவர். அதன் சிறப்பினை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு கலைஞரின் தனித்த எண்ணத்தை மட்டுமே ஒருமைக்குக் காரணமாகக் கொள்ளும் பார்வை மேலைநாட்டுச் சேகரிப்பாளரின் பார்வையேயாகும். நாடகச் செட்டிலும் கதை வசனத் தட்டிலும் ஒருமையைத் தருவது கேட்போர் முன்னரே அறிந்த கதை. கோவலனுக்கு நேரப்போவதை அறியாத தோட்டத் தமிழர் எவருமிலர். அறிந்த கதையை அறிந்த வரிசையில் மீண்டும் கேட்பதே அக்கலையின் இன்பம். ஒருவர் அறையில் தனித்திருந்து கேட்கும் மனமயக்க இசைக்கும், ஊர் கூடிக் கேட்கும் நாடகத் தட்டிற்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

லயத்தில் ஒலித்த தட்டுகள்

இலாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் இசைத்தட்டைப் பற்றி வினவினால், பெரும்பாலோர் முதலில் குறிப்பிடுவது தட்டை அன்று, இடத்தைத்தான். கிராணியார் வீட்டுத் திண்ணை, கோயில் முன்றில், திருமணப் பந்தல், வாழைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் என நினைவு விரிகிறது. மின்சாரம் தோட்ட இயந்திரத்திலிருந்து மாலையில் சில மணிநேரம் மட்டுமே கிடைத்த காலம். அதற்கும் முன், விசைமுறுக்கிப் பெட்டியைக் கையால் சுற்றி இயக்கிய காலம். ஒரு பெட்டி, சில தட்டுகள், கேட்பதற்கு ஒரு லயம் முழுவதும் என்பதே அன்றைய நிலை.

எஃகு ஊசியின் அழுத்தம் அரக்குத் தட்டின் வரிப்பள்ளங்களை ஒவ்வொரு முறையும் சிறிது அரித்தது. ஊசியை ஒரு பக்கத்திற்கு ஒன்றென மாற்றவேண்டும் என்பது விதி. ஊசிக்கும் காசு வேண்டுமாதலால் அவ்விதி பலவிடங்களில் காக்கப்படவில்லை. புழுதி, மழை ஈரம், திருவிழாக் கூட்டம் ஆகியன எஞ்சியதைச் செய்து முடித்தன. தோட்டத்துத் தட்டு தேய்ந்ததற்குக் காரணம் அலட்சியமன்று, பயன்பாடே.

இலாபு வட்டாரத் தோட்டமொன்றின் கோயிற் பொருளறையில் இருந்த இசைத்தட்டுப் பெட்டி ஒன்றை இக்கட்டுரையாளர் காண நேர்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் அதில் இருந்தன. ஒலிபெருக்கிக்காரர் இருட்டிலும் வரிசை தவறாமல் எடுப்பதற்காக, தட்டின் நடுவே ஒட்டிய தாளில் பெரிய எண்கள் எழுதப்பட்டிருந்தன. ‘திருவிளையாடல்’ கதை வசனத் தட்டில் தருமியின் புலம்பல் இடம்பெறும் பகுதி மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. ஏனைய பகுதிகள் ஓரளவு கறுப்பாகவே இருந்தன. ஊர் எதனை மீண்டும் மீண்டும் கேட்க விரும்பியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. புலமையற்ற ஏழை ஒருவன் பொற்கிழிக்காக ஏங்கி, அவையில் அவமானப்பட்டுத் திரும்பும் காட்சியைத் தோட்டத்து மக்கள் ஏன் தேர்ந்தார்கள் என்பது தனியே ஆராய்தற்குரியது.

அப்பகுதியில் ஆழமான கீறல் ஒன்றும் இருந்தது. அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் அக்காட்சியின் உரையாடலை மனப்பாடமாகச் சொல்லிக்காட்டினார். ஓரிடத்தில் சில சொற்கள் விடுபட்டன. வினவியபோது, “அந்த எடத்துல ஊசி குதிக்கும் தம்பி, நாங்களும் குதிச்சிருவோம்” என்றார். சிறுவர்கள் அக்காட்சியை நடித்துக் காட்டும்போதும் அவ்விடத்தைத் தாண்டியே பேசுவார்களாம். தட்டின் கீறல் வாய்மொழி மரபில் ஒரு பாடபேதமாகவே நிலைத்துவிட்டது.

சில ஆண்டுகளில் அந்நிலம் கைமாறியது, கோயில் இடம்பெயர்ந்தது. பழைய தட்டு வாங்கும் வணிகர் ஒருவர் பெட்டியைப் பார்வையிட்டு, கீறலற்ற ஐந்தாறு தட்டுகளை மட்டும் விலைகொடுத்து எடுத்துச்சென்றார். எஞ்சியவை இடிபாடுகளோடு சென்றன. எடுக்கப்பட்டவை அத்தோட்டத்தார் மிகக் குறைவாகக் கேட்டவை; எறியப்பட்டவை அவர்கள் வாழ்ந்து கேட்டவை. வணிகரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் தம் அளவுகோலின்படியே நடந்தார். நம்மிடம் மாற்று அளவுகோல் ஒன்று ஆயத்தமாக இல்லாமற் போனதே குறை. இக்கட்டுரையாளரும் முதல் வருகையில் தட்டுகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டாரேயன்றி, அவற்றைக் காப்பதற்கு வழிசெய்யவில்லை என்பதையும் ஈண்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.

மெட்டின் சான்று

இசைத்தட்டு இசையாய்வாளருக்கு மட்டுமே உரிய பொருள் என எண்ணுவோர் உளர். தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் அது இன்றியமையாதது. மலேசியத் தோட்டப் பாடல்களைத் தொகுத்த இரா. தண்டாயுதம், மலேசியத் தமிழ்க் கவிதைகளைக் களஞ்சியமாக 1997இல் வழங்கிய முரசு நெடுமாறன் ஆகியோரின் உழைப்பால் பாடற்சொற்கள் நமக்குக் கிடைத்துள்ளன. சொற்களோடு பிறந்த இசை அச்சில் ஏறவில்லை. அக்காலச் சிறு பாட்டுப் புத்தகங்கள் பல, பாடலின் தலைப்பிற்குக் கீழே ‘இன்ன பாடல் மெட்டு’ என்று மட்டும் குறித்துச் சென்றன. வாசகர் அம்மெட்டினை அறிந்திருந்தனர். எனவே விளக்கம் தேவைப்படவில்லை. அறிவித்தவற்றுள் முதன்மையானவை நாடக மேடையும் இசைத்தட்டும் ஆகும்.

இன்று அக்குறிப்பினைப் படிக்கும் மாணவருக்கு அது பூட்டிய கதவு. கொள்ளிச்சட்டத்தில் சாவி இருப்பதைப் போல, தட்டில் அம்மெட்டு இருக்கிறது. சோகப்பாடல் என நாம் வகைப்படுத்தும் ஒரு தோட்டப் பாடல் நகைச்சுவை மெட்டில் பாடப்பட்டிருப்பின், அதன் பொருளே மாறிவிடும். கங்காணியைப் புகழ்வதாகத் தோன்றும் வரிகள், எள்ளலுக்குப் பெயர்பெற்ற மெட்டில் அமைந்திருப்பின் புகழ்ச்சியாக நில்லா. மெட்டினை அறியாமல் கருத்துரைப்பது, அணியறியாமல் செய்யுளுக்கு உரையெழுதுவதை ஒக்கும்.

ஒரு மறுப்பும் விடையும்

தேய்ந்த தட்டைக் காப்பதால் என்ன பயன் என்று வினவலாம். அதே பதிவின் தெளிவான படி சென்னையிலோ மும்பையிலோ இருக்கும்போது, இரைச்சல் மிகுந்த மலேசியப் படி எதற்கு? தட்டுகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இறக்குமதியானவை. அவற்றில் மலேசியத் தன்மை எங்கே இருக்கிறது? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒலியை மட்டுமே நாடுவோர்க்குத் தெளிந்த படியே போதுமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயின், சுவடி ஆய்வில் நாம் கடைப்பிடிக்கும் நெறியை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஒரு நூலுக்குச் செம்மையான சுவடி ஒன்று கிடைத்தவுடன் ஏனையவற்றை நாம் எரித்துவிடுவதில்லை. ஏடெழுதினோர் பெயர், ஊர், ஓரக்குறிப்பு, பிழை ஆகிய யாவும் அந்நூல் எங்கே, எவரால், எவ்வாறு பயிலப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. இசைத்தட்டிலும் ஒலி சென்னையுடையதாக இருக்கலாம்; கேள்வி இந்நாட்டினுடையது. கடைமுத்திரை, உரிமையாளர் பெயர், வரிசை எண், தேய்மானம் ஆகியவை இந்நாட்டில் எழுதப்பட்டவை. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் தான் சூயி பெங், பங்சாவான் நாடகத்தையும் போருக்கு முந்திய மலாயா இசைத்தட்டுத் தொழிலையும் ஆராய்ந்து, இசைத்தட்டின் வழி ஒரு சமூக வரலாற்றை எழுத முடியும் என மெய்ப்பித்துள்ளார். மலேசியத் தமிழர் பகுதி இன்னும் எழுதப்படவில்லை.

மேலும், எதைச் சேகரிப்பது என்பதற்குத் தமிழிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா நூல்களோடு நில்லாமல், பிறர் குப்பையெனக் கருதிய பாட்டுப் புத்தகங்கள், நாடகத் துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், அத்திரட்டினை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அவர் திரட்டியவற்றுள் பல, அச்சான நாளில் அரியனவல்ல, தெருவில் மலிந்துகிடந்தவை. மலிந்தது மறையும் என்பதை முன்னுணர்ந்ததே அவரது தனிச்சிறப்பு.

செய்யத்தக்கன

நீலாய், இலாபு, செண்டாயான் பகுதிகளில் தோட்டங்கள் புதுநகர்களாக மாறிவிட்டன. எஞ்சிய நிலங்களிலும் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்து நெடுநாளாகிறது. தட்டுகளைக் கேட்டு வளர்ந்தோர் முதுமையடைந்துள்ளனர். எனவே, பணி உடனடியானது. ஆயினும் பெரும்பொருள் வேண்டுவதன்று.

முதலாவதாக, தட்டு கிடைக்கும் இடத்திலேயே அதன் முத்திரை, உள்வட்டு எண், கடைப்பெயர், கையெழுத்துக் குறிப்புகள் ஆகியவற்றைப் படமெடுத்துப் பதிதல் வேண்டும். இரண்டாவதாக, எப்பகுதி மிகுதியாகத் தேய்ந்துள்ளது, எங்கே ஊசி குதிக்கிறது என்பனவற்றையும் தரவாகக் கொள்ளவேண்டும். மூன்றாவதாக, அத்தட்டு எந்நாளில், எந்நிகழ்ச்சியில், எவரெவர் கூடியிருக்க ஒலித்தது என்பதை முதியோரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். இம்மூன்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இணைந்து செய்யக்கூடியவை. ஒரு தோட்டத்துப் பெட்டி ஒன்று ஓர் இளங்கலை ஆய்வேட்டிற்குப் போதுமான பொருளைத் தரும்.

முடிவுரை

99 படிகளே அச்சான ஆங்கில இசைத்தட்டைத் தேடிக் கண்டெடுத்த சேகரிப்பாளர், மறக்கப்பட்ட சில இளைஞர்களுக்கு வாழ்வளித்தார். அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது பொருளைக் கூர்ந்து நோக்கும் ஒழுக்கத்தையேயன்றி, கேட்கப்படாமையைச் சிறப்பெனக் கொள்ளும் மனப்பாங்கை அன்று. ஓராயிரம் வீடுகளில் ஒலித்து, ஒன்றுகூட முழுமையாக எஞ்சாத தட்டும் அரியதே. அதன் அருமை எண்ணிக்கையில் இல்லை. அதில் படிந்துள்ள கேள்வியில் உள்ளது.

அம்மூதாட்டி தாண்டிச் சென்ற சொற்கள் எவையென்பதைத் தெளிவான படியிலிருந்து எவரும் அறிந்துகொள்ளலாம். அவர் ஏன் தாண்டினார் என்பதை இடிபாடுகளோடு போன அந்த ஒரு தட்டு மட்டுமே காட்டியிருக்கும்.